மாதக் கடைசி ஞாயிறு

டிராம் பணிமனையில் இருபத்திரண்டு வருஷம்.
கிறீச்சிடும் முன்பே மசகு போடு:
நான் கற்றதெல்லாம் இவ்வளவுதான்.
வீட்டுக் கணினிக்கும் அதையே செய்கிறேன்,
மாதக் கடைசி ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

வூச் நகரில் பனி.
வெப்பக்குழாய் மேல் கிங்காவின் கையுறைகள் காய்கின்றன.
"யாரும் மவுஸைத் தொடாதீங்க" என்கிறேன்.
போன மாதம் கால்பந்து முடிவு பார்க்க
ஒரே ஒரு நிமிஷம் என்று உட்கார்ந்தாள் மகள்;
எழுபது சதவீதம் முடிந்த வேலை
முதலிலிருந்து தொடங்கியது.
சொல்லிக்காட்டினால் சிரிக்கிறாள்.

முதலில் குப்பைத்தொட்டி.
காலி செய்யலாமா, உறுதிதானா என்று கேட்கிறது,
எங்கள் மேஸ்திரியைவிட மரியாதையாக.
பிறகு தற்காலிகக் கோப்புகள்:
பாதியில் நின்ற பாட்டுகள்,
பிரிண்டரின் பழைய புலம்பல்கள்,
ஏப்ரலில் போகாத பயணத்தின் ரயில் நேரங்கள்.
நடுவே ஒன்று,
'க்தான்ஸ்க் விண்ணப்பம் 7'.
யாத்விகா சேமிக்காமல் விட்டதை
கணினி தானாகவே சேமித்திருக்கிறது.
ஏழு என்றால் அதற்கு முன் ஆறு.
க்தான்ஸ்க் கடலோரம்.
ரயிலில் ஐந்து மணி நேரம், பனி இல்லாவிட்டால்.

திறக்கவில்லை. அழிக்கவும் இல்லை.
அதற்கு நேரே இருந்த டிக்கை மட்டும் எடுத்தேன்.

அப்புறம் அடுக்கும் வேலை.
திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள்.
சங்கதி இதுதான்:
ஒரு கடிதம் வட்டில் ஒரே இடத்தில் இருப்பதில்லை,
காலி கண்ட இடத்திலெல்லாம் துண்டு துண்டாய் ஒண்டுகிறது.
படிக்கும் முனை நிறுத்தம் நிறுத்தமாய் ஓடி
ஒரே பயணியை
பதினேழு இடத்தில் ஏற்றிக்கொள்கிறது.
இங்கே தொப்பி, பாலத்தருகே ஒரு கால்,
சந்தை முனையில் குடை.
நாமோ வண்டி மெதுவென்று திட்டுகிறோம்.

நகர்த்த முடியாத கட்டங்களும் உண்டு.
எதற்காகவோ அங்கேயேதான் இருக்கும்.
மற்றவை அவற்றைச் சுற்றிக்கொண்டு போகும்.

நான்கு மணிக்கே இருட்டு.
தேநீரோடு பின்னால் வந்து நின்றாள் யாத்விகா,
மூடிவிட்ட ஆலையில் பதினோரு வருஷம் தறி பார்த்தவள்.
"நெய்யிற மாதிரியே இருக்கு" என்றாள்.
"எவ்வளவு நேரம் ஆகும்?"
"சொல்ல முடியாது."
அதே கேள்வியை நானும் அவளிடம் கேட்டிருக்கலாம்.
எலுமிச்சை இருக்கா என்று கேட்டேன்.

பதினொன்றேகாலுக்கு நூறு சதவீதம்.
வட்டின் கரகரப்பு நின்றதும்
சமையலறைக் கடிகாரம் கேட்டது.
எல்லாம் அதனதன் பக்கத்தில்.
அந்த விண்ணப்பமும்தான்,
முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை
இப்போது ஒரே இடத்தில், முழுசாக.
சேர்த்து வைத்தவன் நான்.

திங்கள் மாலை
பூட்ஸ் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.
உள்ளறையிலிருந்து அவள் குரல்:
"விட்டோல்ட், தொட்டதும் திறக்குது இப்போ!"

"எது?" என்றேன்,
ஒற்றைப் பூட்ஸோடு
நடைவழியில் நின்றபடி.