பின்னிருக்கை வார்

துலூத்தில் பனிக்காலச் சாலைக்கு உப்பிடுவார்கள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறது இரும்பு.
டார்ச்சோடு மல்லாந்து
வண்டியின் வயிற்றைத் தட்டிப் பார்க்கிறான் ஆர்வோ.

அறுபது மைல் வேகத்துக்கு எத்தனை நொடி,
கேட்கிறாள் லின்னேயா.
சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்கிறார் விற்பவர்.
அந்தப் பதிலுக்கே பாதி விலை தரலாம்.

பதினோரு வருஷக் கொரோலா, சாம்பல் நிறம்.
ஆயில் மாற்றிய தேதிகள்
பெட்ரோல் ரசீதுகளின் முதுகில், பென்சிலில்.

ஓட்டுநர் வார் நைந்திருக்கிறது.
பின்னால் மூன்றும் மடிப்புக் கலையாமல்.
ஒவ்வொன்றாய் இழுத்து, பூட்டி,
வெடுக்கென்று சுண்டுகிறான்.

"நான் மட்டும்தானே போகப்போறேன், அப்பா?"

ம் என்கிறான்.
நடுவாரை மறுபடி சுண்டுகிறான்
இன்னும் பெயர் தெரியாத
யார் பிள்ளைக்காகவோ.