ஆதம்லெவ்வைக்கு நேரே பூச்சியம்

சம்மாந்துறை ஆலையில்
தராசு இரண்டு தசமம் வரை சொல்லும்.
தரவுத்தளம் அதைக் கேட்டுவிட்டு
தனக்குப் பிடித்ததை எழுதிக்கொள்ளும்.
63.97.
அறுபத்து மூன்று.

கொழும்பிலிருந்து வந்தவன் எழுதித் தந்த நிரல்.
றவுண்ட் என்று போட்டிருந்தால் அறுபத்து நான்கு.
ட்றங்க் என்று போட்டிருக்கிறான்.
புள்ளிக்குப் பின்னால் ஒன்றா ஒன்பதா என்று
அது திரும்பியும் பார்ப்பதில்லை.

மனேச்சரிடம் காட்டினேன்.
"சில்லறதானே பிள்ள."

சில்லறையைக் கூட்ட ஒரு வரி போதும்:
தராசு சொன்னதிலிருந்து ஏடு சொன்னதைக் கழி,
ஆள்வாரியாகச் சேர்.
இந்தப் பெரும்போகம், நானூற்றுப் பன்னிரண்டு பேர்,
ஆறாயிரத்துச் சொச்சம் கிலோ நெல்.
(சொச்சத்தை இப்போது நானும் வெட்டிவிட்டேன்.)

கடன் பக்கம் போனேன்.
அங்கே ட்றங்க் இல்லை, ஃப்ளோர்.
பசளைக் கடன் மைனஸ் 4312.25
வட்டி ஓடும் ஒவ்வொரு திங்களும் ஒரு படி இறங்கி
மைனஸ் 4313 ஆகிறது.
பூச்சியத்துக்கு மேலே இறங்கினால் நெல் குறையும்,
கீழே இறங்கினால் கடன் கூடும்.
தெரிந்து செய்தானா,
தூக்கக் கலக்கத்தில் விரல் தட்டியதா?
அவனுடைய நம்பர் இப்போது வேலை செய்வதில்லை.

பட்டியலின் நடுவில் ஒரு வரி:
ஆதம்லெவ்வை, மல்வத்தை வட்டை,
முப்பத்தெட்டு மூட்டை,
வெட்டுப்பட்டது 0.00.

முப்பத்தெட்டும் முழு எண்ணா?
அடுத்த லோட்டுக்கு நானே இறங்கிப் போய் நின்றேன்.

என் வயதுக்காரர்தான். காதில் போன்.
முதல் மூட்டையை ஏற்றி, ஒன்று என்னாமல்
"லாபம்" என்றார்.
62.41.
"பொறுங்க தங்கச்சி."
வாயைப் பிரித்து அள்ளி
அடுத்த சாக்கில் போட்டார்.
62.20. 62.07.
பிறகு மூன்று விரலால், உப்புப் பார்ப்பதுபோல்.
62.00.
"இப்ப அடிங்க."

கடைசியில் மிஞ்சிய நெல்லை
ஷொப்பிங் பையில் முடிந்து
பைக் ஹேண்டிலில் கொழுவினார். கோழிக்காம்.
ஸ்டார்ட் பண்ணுமுன் கேட்டார்:
"கடனையும் இப்படி அள்ளி எடுக்க ஏலுமா?"
சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

ராத்திரி எல்லாரும் போனபின்
ஒரு சொல்லை மாற்றினேன்.
பழையதற்கு பேக்கப் இருக்கிறது.
நெல்லுக்குப் போட்டதையே கடனுக்கும் போட்டால்
மைனஸ் 4312.25
மைனஸ் 4312.
இருபத்தைந்து சதம்
இந்தத் திங்கள் ஏறி நிற்கும்.

நெல் பக்கத்தை இன்னும் தொடவில்லை.
கை வைக்கப் பயமாக இருக்கிறது, அது ஆறாயிரம் கிலோ.
கடனைப் பற்றி மனேச்சர் கேட்டால்
சொல்ல ஒரு பதில் இருக்கிறது,
அவரே தந்தது.