கீழ்மதகு

ஐம்பதாயிரம் லிட்டர் தண்ணீரை
முதுகில் ஏற்றிக்கொண்டு
இரவெல்லாம் செம்புச் சுரங்கத்துக்குள்
சுற்றிச் சுற்றி வருகிறேன்.
பாதை நனைய வேண்டும், தூசி அடங்க வேண்டும்,
அதற்குத்தான் சம்பளம்.
என் இமைக்குள் மட்டும்
ஒரு சொட்டு கிடையாது.

கலாமாவில் மழை
வேறு ஊர்ச் செய்தி.
சட்டைப்பையில் ஒரு மருந்துக் குப்பி,
ஸ்டியரிங் பக்கத்தில் ஒன்று,
தலையணைக்கடியில் ஒன்று.
கண் மூடித் திறந்தால்
மணல்தாள் தேய்க்கிற சத்தம்.
எனக்கு மட்டும் கேட்கும்.

டாக்டர் லுபேதிச் கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார்.
மூக்கோரம், கீழிமை விளிம்பில்
ஊசி குத்தி எடுத்தது போல ஒரு புள்ளி.
"கண்ணீர் இதுவழியாகத்தான் இறங்குகிறது,
மூக்குக்குள், அங்கிருந்து தொண்டைக்கு.
உங்களுக்குச் சுரப்பதே கொஞ்சம்.
மதகை அடைத்துவிடலாம்."

அவ்வளவுதானா என்றேன்.
அவ்வளவுதான்.

(லோவா ஆற்றை அடைத்தவர்கள்
இப்படிக் கண்ணாடி காட்டிக் கேட்கவில்லை.)

கினோவா மணியில் பாதிகூட இராது.
சிலிக்கோன்.
இடுக்கி முனையில் வந்தது,
ஓர் அழுத்து,
இடது முடிந்தது. வலது முடிந்தது.
பில்லுக்குத்தான் நேரமாயிற்று.

மூன்றாம் நாள் விழித்தபோது
இமை ஒட்டவில்லை.
கூரையைப் பார்த்துக்கொண்டு
சும்மா படுத்திருந்தேன்,
கண் இருப்பதே தெரியாமல்.

பிறகு வழியத் தொடங்கியது.
காற்றடித்தால் வழிந்தது,
சூப் ஆவி பட்டால் வழிந்தது.
உணவறையில் ஃபோர்மேன் ஒலிவாரெஸ்
தட்டோடு வந்து பக்கத்தில் நின்றான்.
"வீட்டில் ஏதாவதா, யஸ்னா?"
எட்டு வருஷத்தில்
டயரைப் பற்றி இல்லாமல்
அவன் கேட்ட முதல் கேள்வி.
பிளக் என்றேன்.
தலையாட்டிவிட்டு அரைநாள் விடுப்பு தந்தான்.
வாங்கிக்கொண்டேன்.

அம்மாவைப் புதைத்த அன்று
இந்த வேலையை யாராவது செய்திருக்கலாம்.
குழியருகே எல்லோரும் நனைந்திருக்க
நான் மூக்கை உறிஞ்சியபடி நின்றேன்.
சளி என்றார்கள்.
கல் என்றாள் அக்கா.

பதினேழாம் தேதி குடும்ப நீதிமன்றம்.
முந்தின இரவு தும்மினேன், கண்ணைக் கசக்கினேன்,
இடது பிளக் போயே போயிற்று.
துண்டை உதறினேன், தரையைத் தடவினேன்.
கினோவாவில் பாதியை
எங்கே என்று தேடுவது?

வலப்பக்கம் ரமீரோ.
இடப்பக்கம் அக்கா.

நீதிபதி தேதிகளைப் படித்தார்.
திருமணமான நாளை அவர் சொன்னபோது
வலது கன்னத்தில் ஒன்று இறங்கியது.
ரமீரோ கைக்குட்டையை நீட்டினான்.
இஸ்திரி போட்டது. யார் போட்டார்களோ.
"இன்னும் ஒரு மாதம் வேண்டுமானால் பார்க்கலாம்"
என்றான், மேசையைப் பார்த்துக்கொண்டு.

அதே நேரம்
அக்கா என் இடது முழங்கையை அழுத்தினாள்.
"அப்படித்தான். கல்லாய் இரு."

பிளக் என்று சொல்லியிருக்கலாம்.
ஒற்றை வார்த்தை,
இரண்டு பக்கமும் திரும்பி.
சொல்லாமல்
காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.
கைக்குட்டையைத் திருப்பித் தர மறந்துவிட்டேன்,
அல்லது மறக்கவில்லை.

இரவுப் பணி. வால்வைத் திறந்தேன்.
பின்னால் பாதை கறுத்துக்கொண்டே வந்தது.
இருபது நிமிடத்தில் காயும்,
மறுபடி வர வேண்டும்.
மூன்றாவது சுற்றில்
தொண்டையில் உப்புக் கரித்தது.

வலதுபக்கம் அடைத்திருக்கிறது.
நாக்கால் அண்ணத்தைத் தடவிப் பார்த்தேன்.
உப்புதான்.
கியரைக் குறைத்துக்கொண்டு
சரிவில் இறங்கினேன்.