முதல் காலாண்டு அறிக்கை

பாரத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம்:
'சந்தைத் தேவை, மாத வாரியாக.'
தைப்பூசம் எழுதினேன்.
ஆவணிக் கல்யாணங்களை
மண்டபத்துக்குப் போன் போட்டு எண்ணி எழுதினேன்.
சாவை எந்த மாதத்தில் போடுவது?
என் வியாபாரத்தில் பாதி அதுதான்.
பன்னிரண்டு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வைத்தேன்,
கடன்காரர்களுக்குப் பங்கிடுவதுபோல்.

பாடாங் செராயில், மார்க்கெட்டுக்குப் பின்னால்,
டயர் கடையை ஒட்டி என் பூக்கடை.
அதற்கு முன் பதினொரு வருஷம் கையுறைத் தொழிற்சாலை.
காற்றடைத்த கையுறையை விளக்குக்கு நேரே தூக்கி
ஊசிமுனை ஓட்டை தேடும் வேலை.
இப்போது மல்லிகை மொட்டைத் தூக்கிப் பார்க்கிறேன்.
ஓட்டை இல்லை, ஆனாலும் ஒழுகுகிறது:
விடியலில் பினாங்கில் இறங்கும்போது கிலோ எழுபது வெள்ளி.
பதினொரு மணி வெயிலில் வாய் பிளந்துவிட்டால்
சும்மா கொடுத்தாலும் கோயிலில் யோசிப்பார்கள்.

திட்டத்தின் பெயர் கேட்டிருந்தார்கள்.
'மொட்டை மொட்டாகவே வைத்திருத்தல்' என்றேன்.
வங்கியில் வேலை பார்க்கும் நாத்தனார் சுபத்திரை
'வெட்டுமலர்களுக்கான அறுவடைக்குப் பிந்திய
குளிர்ச்சங்கிலி மேம்பாடு' என்று மாற்றினாள்.
பெயர் நீண்டால் பணமும் நீளுமாம்.

நேர்காணல் அலோர் ஸ்டாரில், நாலாவது மாடி.
மூன்று பேர், நீண்ட மேசை,
நடுவில் ஒரு ஜாடி ஆர்க்கிட்.
உட்கார்வதற்குள் கண் போய்விட்டது:
இதழோரத்தில் அச்சுப் பிசிறு,
தண்டில் ஒட்டிய கோடு.
பழைய வேலையாயிருந்தால் ரிஜெக்ட் கூடைக்குப் போயிருக்கும்.
'உங்கள் திட்டத்தில் புதுமை என்ன?'
என்சிக் ரோஸ்லான் கேட்டார். நல்ல மனிதர்,
என் மலாயை முகம் சுளிக்காமல் கேட்டவர்.
சுபத்திரை எழுதித் தந்த பதில்
லிஃப்ட்டிலேயே இறங்கிப் போயிருந்தது.
'தினம் நாலு பக்கெட் பூ குப்பைக்குப் போகுது துவான்.
ரெண்டாக்கணும்.'
பேனா அசைந்ததைப் பார்த்தேன்.

கேட்டது நாற்பத்தெட்டாயிரம்.
வந்தது பதினோராயிரத்து ஐந்நூறு,
கருவிக்கும் பயிற்சிக்கும் மட்டும்.
குளிர் அறை 'கட்டடம்' ஆகிவிடுமாம்,
கட்டடத்துக்கு இந்த நிதி இல்லையாம்.
சுபத்திரை இரண்டு நாள் திட்டினாள்.
நான் தீப்பெட்டி அளவில் மூன்று வெப்பப் பதிவி வாங்கி
பழைய ஐஸ்கிரீம் பெட்டிக்குள் தொங்கவிட்டேன்.

பதினைந்து நிமிஷத்துக்கு ஓர் எண்.
வாரக் கடைசியில் கணினியில் விரித்தால்
ஆறு டிகிரி, ஆறு, ஆறு, ஆறு,
சாயந்தரம் ஆறே முக்காலுக்குப் பதினாலு.
தினமும்.
மின்சாரமா, மோட்டாரா, ரப்பர் விளிம்பா என்று
மண்டையை உடைத்துக்கொண்டேன்.
லோகநாதனைக் கேட்டதும் தலையைச் சொறிந்தார்.
செம்பனைக் குலை லாரியை நிறுத்திவிட்டு வந்து,
மூடியைத் தூக்கி,
பூவுக்கு அடியில் ஒளித்த சர்பத் பாட்டிலைத் துழாவி எடுத்து,
அங்கேயே நின்று குடிப்பாராம்.
'மூடியையாவது மூடலாமில்ல?'
'அந்தக் குளிரு முகத்துல அடிக்கும்மா.'

முதல் கண்டுபிடிப்பு: என் கணவர்.
அறிக்கையில் 'மனிதக் காரணி' என்று எழுதியிருக்கிறேன்.
பாட்டிலுக்கு வேறு பெட்டி வைத்தாயிற்று.
குப்பை மூன்று பக்கெட். சில நாள் இரண்டரை.

புதன் ராத்திரி பத்து மணிக்கு
தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பையன் வந்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. 'அப்பாவுக்கு' என்றான்.
முந்தாநாள் மொட்டு
இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது.
ஆறு முழம் கட்டிக் கொடுத்தேன்.
பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் மைலோ டம்ளர்களுக்கும் நடுவே
விடிய விடிய
அது அங்கேதான் மலர்ந்திருக்க வேண்டும்.

கடைசிக் கட்டம்:
'பயன் விளைந்ததற்கான புகைப்படச் சான்று.'
அந்த வீட்டில் போய் எப்படிப் படம் எடுப்பது?
பெட்டியைத் துடைத்து,
மூடி மூடியிருப்பதை
ஒரு படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.