பதினான்காம் எண் பேருந்து, ஃபஹாஹீல்

தலையை எண்ணுவது என் வேலை.
ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை,
நடுவில் யாராவது வாந்தி எடுத்தால் இன்னொரு முறை.
காலையில் முப்பத்தொன்பது.
விடுமுறைக்கு முந்தின நாளில் மட்டும்
தலைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை.
எண்ணி முடிப்பதற்குள் பதினேழு போய்
இருபத்தொன்றின் மடியில் உட்கார்ந்திருக்கும்.

டிசம்பர் குளிர். கண்ணாடியெல்லாம் மூச்சு.
அதில் விரலால் விமானம் வரைகிறார்கள்.
நிஜமாகவே போகிறவர்கள்
ஜன்னல்களை எண்ணி எண்ணி வரைகிறார்கள்.
போகாதவர்கள்
இறக்கையைப் பெரிதாக்குகிறார்கள்.

"எங்களுக்கு ராத்திரி ரெண்டு மணி ஃபிளைட், கொச்சி வழியா"
என்கிறான் ஜோஷ்வின்,
கொச்சியை அவனே வாங்கிப் போட்டதுபோல.
"நாங்க பாலைவனத்துல டென்ட் போடப் போறோம்."
இது மர்வா.
போன வருஷமும் போடுவதாகத்தான் இருந்தார்கள்.

பள்ளி வாசலில் பஞ்சுத் தாடியோடு
பி.டி. மாஸ்டர் செல்வின்.
சிவப்பு அங்கி அவர் வயிற்றுக்குப் போதவில்லை.
கழுத்தில் விசில் அப்படியே தொங்குகிறது.
கிறிஸ்துமஸ் தாத்தா விசிலடித்து
"கை தூரம் விட்டு நில்லு" என்று அதட்டுவதை
வேறெங்கே பார்க்க முடியும்?

இன்றைக்கு ஆயாக்களுக்கும் தட்டு உண்டு:
ஒரு சமோசா, சின்ன லபன்,
கேக்கில் ரோஜாப்பூ வராத மூலை.
மூன்றாம் வகுப்பில் சீட்டுக் குலுக்கிப் பரிசு.
அரை தினாருக்கு மேல் போகக்கூடாதென்று
டைரியில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.
ஆதவனுக்குப் பாதி தேய்ந்த ரப்பர் வந்தது.
அழுதான்.
கொடுத்தவன் பக்கத்திலேயே நின்று
"அதுதான் நல்லா அழிக்கும்" என்று
அவனைவிட அதிகமாக அழுதான்.

மதியம் ஒன்றரை.
காகிதக் கிரீடங்கள், ஜிகினா, நசுங்கிய சிப்ஸ்.
யாருடைய ஸ்வெட்டரோ என் தோளில்.

மகிழ்நிலா கடைசியாக ஏறினாள். இரண்டாம் வகுப்பு.
எல்லோரிடமும் ஒரு பை. அவளிடம் மூன்று.
வகுப்புச் சுவரில் இருந்த அவளுடைய மீன்,
பிரிக்காத வண்ணத்தாள் கட்டு,
நாற்காலியில் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைக்கூட
உரித்து உள்ளங்கையில் வைத்திருந்தாள்.
டீச்சர் ஆங்கிலத்தில் தப்பாக எழுதியதை
இவளே பேனாவால் திருத்தியிருந்தாள்,
ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே
ஒரே ஒரு தமிழ் ழ.

லீவுக்கு எதற்கு இவ்வளவு என்று நான் கேட்கவில்லை.
டி.சி. வாங்கிய பிள்ளையின் பையை
எட்டு வருஷமாகத் தூக்கி ஏற்றுகிறேன்.
அந்தக் கனம் கைக்குத் தெரியும்.
அவள் அப்பாவின் கம்பெனியில் ஆள் குறைத்தது
போன மாதமே பக்காலாவில் பேச்சு.
இவளிடம் யார், எவ்வளவு சொன்னார்களோ.

"ஜனவரியில ஜன்னல் சீட்டு எனக்கு.
வருஷம் பூரா நீயே உட்கார்ந்துட்ட" என்றாள் மர்வா.
"எடுத்துக்கோ."
மர்வாவுக்கு ஒன்றும் புரியவில்லை.
சண்டைக்கு இன்னும் நாலு வாக்கியம்
தயாராக வைத்திருந்தாள் பாவம்.

அவள் நிறுத்தத்தில் ஒவ்வொரு பையாக
அம்மா கையில் கொடுத்தேன்.
தினமும் "பை ஆன்ட்டி"தான்.
இன்று "போயிட்டு வரேன்."

எல்லோரும் இறங்கியாயிற்று.
குல் ஜமான் எஞ்சினை அணைத்தார்.
தூங்கும் பிள்ளை யாரும் தங்கிவிடாமல்
கடைசி இருக்கைவரை நடந்து பார்க்க வேண்டும், அது விதி.
ஆறாம் வரிசை ஜன்னலில்,
தூரத்து சுத்திகரிப்பு ஆலையின் பகல் தீக்கு நேராக,
அந்தப் பெயர்ச் சீட்டு.

இரண்டு வாரம் வண்டி கொட்டகையில் நிற்கும்.
கழுவுவார்கள்.
நகத்தால் ஒரு மூலையைத் தூக்கினேன்.
பசை இன்னும் விடவில்லை.
அப்படியே அழுத்திவிட்டேன்.

தாளில் ஏறியது முப்பத்தொன்பது,
இறங்கியது முப்பத்தொன்பது.
கையெழுத்துப் போட்டேன்.
"கோயி ஹை?" என்று முன்னாலிருந்து
வழக்கம்போலக் கேட்டார் குல் ஜமான்.
இல்லை என்று சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.