வாடை

மைனஸ் நாற்பத்திரண்டு.
அலாஸ்காவின் இந்த மூலையில் அதைக் குளிர் என்பதில்லை,
"இன்று வானம் தெளிவு" என்கிறார்கள்.
கடைக் கதவைத் திறந்தால் முதலில்
வாடைக்காற்று முழங்கால் உயரத்துக்குப் புகையாய்த் தவழ்ந்து வரும்,
ஆள் அதன் பின்னால்.

வெர்னா டெமியன்டிஃப் அப்படித்தான் வந்தாள்.
கையுறையைப் பல்லால் கழற்றினாள்.
துணியில் சுற்றிய இருபத்திரண்டு காலிபர் கைத்துப்பாக்கி.
மேகசினை உருவி, அறையைத் திறந்து,
உள்ளே ஒன்றுமில்லை என்று எனக்குக் காட்டிவிட்டு
மேசைமேல் வைத்தாள்.

"ரெண்டு தடவை இழுத்தேன், ஓஹாயோ.
ரெண்டு தடவையும் டொக். அவ்வளவுதான்."

என் பெயர் வெண்டல்.
வந்து ஏழு வருடமாகியும்
நான் இங்கே கிளம்பி வந்த ஊர்தான்.

"என்ன எண்ணெய் போட்டாய்?"
"மரம் அறுக்கிற ரம்பத்துக்குப் போடுவது."

ஸ்லைடைக் கழற்றினேன்.
ஊசி ஓட வேண்டிய துளையில்
கொம்புத்தேன் மாதிரி நின்றிருந்தது.
அந்தத் துளைக்கு எண்ணெயே ஆகாது என்றேன்.
அவள் துளையைப் பார்க்கவில்லை.

"பொறியில் லிங்க்ஸ்.
தோட்டாவை எடுத்துவிட்டு இதை அக்குளில் வைத்துச் சூடாக்கினேன்.
இருபது நிமிஷம்.
அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.
அதற்கு அவசரமே இல்லை."

என்ன சொல்வதென்று தெரியாதபோது
எனக்கு மூன்றாம் அடுக்கு இருக்கிறது.
இதோ, செம்புக் கறையைத் தின்னும் அம்மோனியாக் கரைசல்;
நிக்கல் முலாமில் ஊறவிட்டால் முலாமையும் தின்னும்.
இது மூன்று வேலையும் செய்கிற எண்ணெய்:
துடைக்கும், வழுக்கும், துரு தடுக்கும்,
எல்லாம் தெரிந்த மாப்பிள்ளை போல
வையவும் முடியாது, மெச்சவும் முடியாது.
கிரீஸ் கோடைக்கு.
போல்ட்டுக்கு அடிக்கிற ஸ்பிரேயைத் தொடாதே,
காய்ந்து கோந்தாகும்.
உனக்கு: பழையதை முழுக்கக் கரைத்து எடு,
உலரவிடு, அறுபது மைனஸ் தாங்கும் இந்த எண்ணெயில்
தண்டவாளத்துக்கு ஒரு சொட்டு. ஒன்றே ஒன்று.

கரைப்பான் குப்பியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள்.
பழுத்துக் கறுத்த வாழைப்பழ வாடை.
மூடினாள்.
"இது வேண்டாம். வாடை இல்லாதது கொடு."

"கேட்பதிலேயே நல்லது அதுதான்..."

"கெட்டிலுக்குப் பதினாலு வயது.
பின்னங்கால் ரெண்டும் போய்விட்டது.
இந்த வாடை வந்தால் நாளைக்குக் காட்டுக்குப் போகிறோம்
என்று அதற்குக் கணக்கு.
அடுப்பருகிலிருந்து இழுத்துக்கொண்டே வந்து
கதவடியில் படுத்துக்கொள்ளும்.
விடிகிறவரை வாலாட்டும்.
நான் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்."

லேபிள்களைப் படித்தேன்.
பிளாஸ்டிக்கைக் கெடுக்காது, தோலை அரிக்காது,
இத்தனை டிகிரி வரை உறையாது.
ஒரு நாய்க்குத் தெரியாமல் இருக்குமா என்று
எவனும் எழுதவில்லை.

ஆகவே இரண்டு பேரும் முகர்ந்தோம்.
மூடி மூடியாக, குனிந்து, ஏதோ ஒயின் வியாபாரிகள் மாதிரி.
புதினா. தார். ஆஸ்பத்திரித் தாழ்வாரம்.
எட்டாவதோ ஒன்பதாவதோ, ஒன்றுமே இல்லாத ஒன்று,
மூடியில் தூசி, யாரும் வாங்காதது.
தண்ணீர் கலந்தது இது,
எலும்புவரை காயவைத்த பிறகு வெளியே எடு,
இல்லாவிட்டால் உள்ளேயே பனிக்கட்டி என்றேன்.

காசு கொடுத்து, துணியைச் சுற்றி,
கதவுவரை போய்த் திரும்பினாள்.

"அந்த வாழைப்பழத்திலும் சின்னக் குப்பி ஒன்று."

பார்த்தேன்.

"மே மாசம். பனி இறங்கியதும்
சறுக்குவண்டி பெட்டியை டிரக்கில் கட்டி
அதைத் தூக்கி வைத்துக் கூட்டிப்போவேன்.
அதற்கு முந்தின ராத்திரி திறப்பேன்."

கதவு சாத்தியது. புகை தரையோடு படிந்தது.
சின்னக் குப்பிக்குக் காசு வாங்க மறந்திருந்தேன்,
அல்லது மறந்தேன் என்று கணக்கில் எழுதினேன்.

இரவு வீட்டில் ரொட்டியிலும் அந்த வாடை.
என் பூனை வந்து விரல்களை முகர்ந்தது,
ஒவ்வொன்றாக, பொறுமையாக,
பிறகு ஜன்னலுக்குப் போய்விட்டது.