முப்பதடி ரோடு

பேஸ் டூவின் பதினொன்றாம் வீதி
என் சோளக்காட்டு வேலியில் முட்டி நிற்கிறது.
தார் ஊற்றியவர்கள் ஒரு சாண் விட்டுவைத்தார்கள்,
மரியாதைக்கு.
அப்புறம் கிளுவை.
கிளுவைக்கு அப்புறம் நாங்கள்.

சைட் ஆபீசில் மாட்டிய வரைபடத்தில்
அது நிற்பதில்லை.
வேலிக்குள் நுழைகிறது ஒரு அம்புக்குறி,
பக்கத்தில் பொடி எழுத்தில்: 'எதிர்கால முப்பதடி ரோடு'.
அம்பின் நேர்க்கோட்டில் கட்டுத்தரை,
கட்டுத்தரையில் செவலை.
அதற்கு நான் இன்னும் சொல்லவில்லை.

செல்போனுக்கு இன்னும் அவசரம்.
போடாத ரோட்டைப் போட்டுப் பேரும் வைத்துவிட்டது.
ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்
பிரியாணி வாசத்தோடு வண்டிகள் வந்து
கிளுவை மேல் வெளிச்சம் அடிக்கின்றன.
'நேராகச் செல்லவும்' என்கிறது ஒரு பெண் குரல்.
எங்கள் நாய் அதற்குப் பதில் சொல்கிறது.
"ஏனுங்க, பேஸ் த்ரீ எப்படிங்க போறது?"
"வந்த தடத்துலயே போயி
தண்ணி டேங்குக்கிட்ட சோத்தாங்கைப் பக்கம் திரும்பு சாமி,
இட்டேரி வரும்."
இட்டேரி என்றால் என்னவென்று
பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

வடக்கே மில்லின் காம்பவுண்டுச் சுவர்.
கிழக்கே டூ, மேற்கே த்ரீ.
நடுவில் ஒன்றேமுக்கால் ஏக்கர்,
தலைக்கு மேல் காற்றாலைக் கம்பி;
ஈரக்காற்றில் அது முனகும்.

பேஸ் ஒன்று எங்களுடையது.
அதைச் சொல்லாமல் விட்டால் இது கள்ளக் கணக்கு.
தெற்கே ரெண்டேகால் ஏக்கர்.
மூன்றாவது போர், ஆயிரத்து நூற்றைம்பது அடி,
வெள்ளைப் புழுதி மட்டும் எழும்பித்
தென்னை ஓலையில் படிந்தது.
பல்லடத்தில் பத்திரம் முடிந்த அன்று நான் அழவில்லை.
கறி எடுத்துக் குழம்பு வைத்தேன்.
டிராக்டர் கடனை அடைத்துவிட்டு வந்த சென்னியப்பன்
ஏழு வருசத்தில் முதல் தடவையாகக்
குறட்டை விட்டார்.

போன புரட்டாசியில் ஒரு மனு.
சாணி நாற்றம், ஈ, விடியுமுன் கூவும் சேவல்.
நாற்பத்திரண்டு கையெழுத்து.
எண்ணிப் பார்த்தேன்:
பதினாறு பேர் என்னிடம் பால் வாங்குகிறவர்கள்.
முதல் கையெழுத்து கடைசி வீட்டு லாவண்யா.
அரை லிட்டர், மாசக் கடைசியில் கணக்கு.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
மூன்று மணி நேரம் விடாமல் ஊற்றியது.
தாருக்குக் குடிக்கத் தெரியாது.
பதினொன்றாம் வீதியில் இறங்கிய தண்ணீர்
எங்கள் வேலிக்கரையில் மோதித் திரும்பி
லாவண்யா வீட்டுப் படி ஏறியது.
"அக்கா, அக்கா" என்று ஜன்னலில் டார்ச் ஆடியது.
இடுப்பில் பிள்ளை.
கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.
அப்புறம் அருவாளையும் மம்மட்டியையும் எடுத்தேன்.
கிளுவையில் நாலடி.
கரையை வெட்டிவிட்டதும்
அம்புக்குறியைப் படித்ததுபோல்
நேராகச் சோளத்துக்குள் போனது தண்ணீர்.
செவலையை அவிழ்த்து மேட்டுக்கு இழுத்தார் சென்னியப்பன்,
என்னைத் திட்டிக்கொண்டே.

இப்போது அந்தச் சந்து வழியே
தூக்குப்போசியோடு பாலுக்கு வருகிறார்கள்.
லாவண்யா மனுவைப் பற்றிப் பேசவில்லை. நானும்.
இந்த மாசம் கணக்கை
ஐந்தாம் தேதியே கொடுத்துவிட்டாள்.

வெட்டிப் போட்ட கிளுவைக் குச்சிகள்
கட்டாகக் கிடந்த இடத்திலேயே துளிர்த்துவிட்டன.
"நட்டுட்டா அடைஞ்சுக்கும், இன்னும் ஏன் நடல?"
என்கிறார் இவர், தினமும்.
முப்பதில் நாலு போயிருக்கிறது.
மீதி இருபத்தாறு.

நேற்று ராத்திரி நவநீதன்,
வாரம் ரெண்டு தடவை தடம் கேட்கிற தாராபுரத்துப் பையன்,
சந்தில் வண்டியை நிறுத்திப்
போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"ரோடு வந்திருச்சுங்களாக்கா?"
"வரல.
வண்டிய அணைச்சுட்டு உருட்டிக்கிட்டுப் போ.
மாடு படுத்திருக்குது."